யாழ்ப்பாணத்து வெக்கையில் கோர்ன் பாம்பு: சூடும் கூடும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோர்ன் பாம்பு வளர்ப்புப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை பனி கொட்டும் நாடுகளில் எழுதப்பட்டவை. பெட்டியை எப்படிச் சூடாக்குவது என்பதே அவற்றில் பாதியாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் அதை வரிக்கு வரி பின்பற்றினால் சித்திரை மாதத்தில் பாம்பு வெந்துபோகும். இங்கே சூட்டைத் தணிப்பதுதான் பெரிய வேலை. அடிக்கடி வரும் சந்தேகங்களை, கேட்பவர்கள் கேட்கிற மாதிரியே கீழே தருகிறோம்.

இது என்ன பாம்பு? விசம் இருக்கோ? எவ்வளவு வளரும்?

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த விசமற்ற பாம்பு. எலியைச் சுற்றி நெரித்து விழுங்கும். முட்டையிலிருந்து வரும்போது 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும்; வளர்ந்தபின் 90 முதல் 150 வரை போகும். கடித்தால் சின்னக் கீறல்தான். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும்.

ஒழுங்காகப் பார்த்தால் 15 முதல் 20 வருடம் உயிரோடு இருக்கும். ஏ.எல். படிக்கிற பிள்ளை ஆசைப்பட்டான் என்று வாங்குபவர்கள், அவன் கம்பஸுக்கோ வெளிநாட்டுக்கோ போனபிறகு உறையவைத்த எலியைக் கரைத்துக் கொடுக்கப்போவது யார் என்பதை முதலே பேசி முடிப்பது நல்லது.

சட்டப் பிரச்சினை ஏதும் வருமோ?

வரலாம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு ஊர்வனவற்றை இலங்கைக்குள் கொண்டுவர முடியாது. "ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை" என்று விற்பவர் சொல்வது பத்திரம் ஆகாது. பணம் கொடுக்குமுன் அந்தப் பாம்பு எந்த அனுமதியில் வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். ஐயம் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

இது கிடைக்கவில்லை என்பதற்காக வளவுக்குள் வரும் சாரையைப் பிடித்து அடைப்பதும் கூடாது. அதேபோல, வளர்க்க முடியாமல் போனால் பனங்காணிக்குள் கொண்டுபோய் விடுவதும் கூடாது. கரீபியன் தீவுகள் சிலவற்றில் இப்படிப் பரவிய கோர்ன் பாம்புகள் இப்போது அங்கே நிரந்தரமாகிவிட்டன.

எங்கட வெக்கைக்கு ஹீற்றர் எதுக்கு?

வருடத்தில் பெரும்பகுதிக்குத் தேவையில்லை என்பதே நேர்மையான பதில். அறை பகலில் 29, 30 பாகையும் இரவில் 26 பாகையும் காட்டுகிறது என்றால் அது பாம்புக்குப் போதுமான சூடு. பெட்டியில் ஹீற்றரைச் சேர்த்தால் ஒதுங்குவதற்குக் குளிர்ந்த மூலை இல்லாமல் போய்விடும்.

தேவைப்படும் காலம் ஐப்பசி கடைசி தொடக்கம் மாசி வரை. மழை விடாமல் பெய்யும் நாட்களிலும் வாடைக்காற்று வீசும் தை மாத இரவுகளிலும் அறை 22, 23 பாகைக்கு இறங்கும். வளர்ந்த பாம்பு அதைத் தாங்கும். ஆனால் இரை தின்ற பாம்புக்குச் செமிக்கச் சூடு வேண்டும். குஞ்சுக்கு இன்னும் முக்கியம். அப்போது ஒரு சிறிய ஹீற் மற், அதாவது பெட்டிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டுத் தட்டை விரிப்பு, போதும்.

ஏசி அறையில் வைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. இரவு முழுதும் 22இல் ஓடி, பகலில் நிறுத்தியதும் 33க்கு ஏறும் அறை பாம்புக்கு நல்லதல்ல. ஏசி ஓடும் அறை என்றால் ஹீற் மற்றோடு, சூட்டைப் பார்த்து அதைத் தானாகப் போட்டு அணைக்கும் தேர்மோஸ்ரற்றும் வருடம் முழுதும் வேண்டும்.

சரி, எத்தினை பாகை இருக்கோணும்? எங்க வைச்சு அளக்கிறது?

பெட்டியின் ஒரு முனை 29 முதல் 31 பாகை செல்சியஸ், மறுமுனை 23 முதல் 26. இரவில் 20, 21 வரை இறங்கினாலும் பாதகமில்லை. தன் உடற்சூட்டைப் பாம்பு இடம் மாறித்தான் சரிசெய்யும். ஆகவே பெட்டி முழுவதும் ஒரே அளவாக இருப்பதைவிட இரண்டு முனைக்கும் நடுவே வித்தியாசம் இருப்பதே முக்கியம். யாழ்ப்பாணத்துக் கோடையில் குளிர்முனையை 26க்குக் கொண்டுவர முடியாது. 28, 29இல் நின்றால் அதுவே வெற்றி.

மேல் எல்லை தெரிந்திருக்க வேண்டும். ஒதுங்க இடமில்லாமல் பெட்டி முழுவதும் 33ஐத் தாண்டினால் அன்றே ஏதாவது செய்ய வேண்டும். 35 ஆபத்து. 38க்கு மேலே போனால் பாம்பு சாகக்கூடும், அதற்கு அதிக நேரமும் எடுக்காது.

வயர் நுனியில் உணரி உள்ள டிஜிற்றல் தேர்மோமீற்றர் இரண்டு வாங்கி முனைக்கு ஒன்றாக, பாம்பு படுக்கும் மட்டத்தில் வையுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் மீற்றர்கள் தங்களைச் சுற்றியுள்ள காற்றைத்தான் அளக்கும், அதையும் பிழையாக. அறைச் சுவரில் தொங்கும் மீற்றரைப் பார்த்துப் பெட்டிக்குள் இருக்கும் சூட்டை ஊகிக்காதீர்கள்.

மீன் தொட்டி ஒண்டு சும்மா கிடக்கு. அது காணுமோ?

மூடி ஒழுங்காக இருந்தால் காணும். அந்த மூடிதான் முழுச் சிக்கலும். இரும்பு வலை அடித்த சட்டம், நான்கு பக்கமும் கொளுக்கி. மேலே புத்தகம் அடுக்குவது பூட்டு ஆகாது. பாம்பு இரவு முழுக்க மூக்கால் தள்ளிப் பார்க்கும். தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். குஞ்சு உள்ள பெட்டியில் 5 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளி எங்கேயும் இருக்கக்கூடாது.

குஞ்சுக்கு 40 சென்ரிமீற்றர் அளவு நீளமான, பூட்டு மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியே நல்லது. பக்கங்களில் சோல்டரிங் அயனால் 3, 4 மில்லிமீற்றர் ஓட்டைகள் போடுங்கள். உள்ளிருந்து வெளியே குத்தினால் கரடுமுரடு வெளிப்பக்கம் போகும். வளர்ந்ததற்குக் குறைந்தது 120 சென்ரிமீற்றர் நீளம், 60 அகலம், 60 உயரம். பெட்டியின் நீளம் பாம்பின் நீளத்தைவிடக் குறையக்கூடாது. பிளைவூட்டில் தச்சரைக் கொண்டு செய்விப்பவர்கள் உட்பக்க மூலைகளுக்குச் சிலிக்கன் பூசி, வாசம் முற்றாகப் போக இரண்டு கிழமை காயவிடுங்கள். கால் வைத்து நிலத்திலிருந்து உயர்த்தாவிட்டால் கறையான் பார்த்துக்கொள்ளும்.

உள்ளே ஒளியிடம் இரண்டு வேண்டும், சூட்டு முனையில் ஒன்று, குளிர்முனையில் ஒன்று. கடையில் பிளாஸ்ரிக் குகை தேட வேண்டாம். பூச்சு இல்லாத மண்சட்டியின் விளிம்பை உடைத்து வாசல் எடுத்து, வெட்டுவாயை அரத்தாளால் தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். வெக்கை நாளில் அந்தச் சட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துக் குளிர்முனையில் வைத்தால் உள்ளே வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். எந்த வெளிநாட்டுக் குகையும் இதைச் செய்யாது.

கீழ என்ன விரிக்கிறது? கடற்கரை மணல் போடலாமோ?

மணல் வேண்டாம். ஈரம் பிடிக்கும், செதிலுக்கடியில் புகும், இரையோடு வயிற்றுக்குள்ளும் போகும். குஞ்சுக்கும் புதிதாக வந்த பாம்புக்கும் சமையலறைக் காகிதமே சிறந்தது. எச்சம், பேன், இரத்தம் எல்லாம் உடனே தெரியும். பிறகு தென்னந்தும்புத் தூளோ பொச்சுத் துண்டோ 4, 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் போடலாம், ஹீற் மற்றுக்கு மேலே வரும் இடத்தில் மட்டும் 2க்கு மேற்படாமல். உப்பு நீரில் ஊறிய பொச்சாக இருந்தால் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். தச்சுப் பட்டறைத் தூள் வேண்டாம்: எந்த மரம், என்ன மருந்து அடித்தது என்று யாருக்கும் தெரியாது.

கனடாவில இருந்து மாமா ஹீற் மற் அனுப்பினவர். அப்பிடியே பிளக்கில குத்தலாமோ?

குத்தாதீர்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ற், இங்கே 230. ஹீற் மற் வெறும் தடைக்கம்பி. வோல்ற் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானால் வெளிவரும் சூடு கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். 16 வாற் என்று எழுதிய மற் ஏறத்தாழ 59 வாற் இழுக்கும். பிளக் அடப்டர் காலின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ற்றை மாற்றாது. சேர்த்து அனுப்பிய தேர்மோஸ்ரற்றும் 120 வோல்ற் என்றால் அது முதலில் எரியும், பிறகு மற். 230ஐ 120 ஆக்கும் ட்ரான்ஸ்போமர் வைத்து, அதன் பின்னால் தேர்மோஸ்ரற், அதன் பின்னால் மற் என்று இணைக்கலாம். லண்டன், சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ் சாமான்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பின்பக்க லேபிளில் 220–240 என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தேர்மோஸ்ரற் விலையா இருக்கு. ஒரு குண்டு பல்ப் போட்டால் காணாதோ? கோழிக்குஞ்சுக்கு அப்பிடித்தானே செய்யிறம்.

கோழிக்குஞ்சு சூடு கூடினால் விலகி ஓடும், பல்ப்பைச் சுற்றிக்கொள்ளாது. பாம்பு சுற்றும். வயிற்றுப்பக்கம் வெந்து கொப்புளம் வந்தபிறகும் சிலவேளை விலகாது. பெட்டிக்குள் பல்ப் வைப்பதென்றால் கம்பிக்கூடு கட்டாயம், அதற்கும் தேர்மோஸ்ரற் கட்டாயம். இரவெல்லாம் வெளிச்சம் எரிவதும் இரவில் நடமாடும் பாம்புக்கு ஒத்துவராது. மின்சாரத்தால் சூடேறும் செயற்கைக் கல்லை எவரும் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

ஹீற் மற் பெட்டியின் வெளியே, அடியில், பெட்டியின் அடிப்பரப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் வர வேண்டும். பெட்டி தரையோடு ஒட்டி நின்றால் சூடு வெளியேற வழியில்லாமல் மற் கருகும். நான்கு மூலையிலும் அரை சென்ரிமீற்றர் றப்பர்க் கால் ஒட்டுங்கள். தேர்மோஸ்ரற்றின் உணரியை மற்றுக்கும் பெட்டியின் அடிக்கும் நடுவே வைத்து, மேலே பாம்பு படுக்கும் இடத்தில் 30, 31 காட்டும்வரை சரிசெய்யுங்கள். அதற்கு மேலே விரிப்பு 2 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் சூடு வராது; சூடு தேடி பாம்பு தோண்டிக் கீழே போகும்.

உணரியைப் பெட்டிக்குள் செலோரேப் போட்டு ஒட்டாதீர்கள். ரேப்பில் பாம்பு ஒட்டிக்கொண்டால் கழற்றும்போது செதிலும் சேர்ந்து வரும். அப்படி ஒட்டினால் இழுக்காமல் சமையல் எண்ணெயை விரலால் தடவி ஊறவிட்டு மெல்ல உரியுங்கள்.

சித்திரை வெயிலுக்கு என்ன செய்யிறது? அதோட கரண்டும் நிண்டால்?

புத்தாண்டு கழிந்த கையோடு சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். சீற் கூரைக்குக் கீழே தலை உயரத்தில் இருக்கும் காற்றுக்கும் நிலத்தோடு இருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் கையை உயர்த்தினாலே தெரியும். ஆகவே முதல் மருந்து இடம்தான். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்குங்கள். ஓட்டு வீடென்றால் நடு அறை. மாடி வீடென்றால் கீழ்த்தளம். மேற்குச் சுவரோரம் வேண்டாம்: அந்தச் சுவர் பின்னேரம் குடித்த வெயிலை இரவு பத்து மணிவரை கக்கும். கண்ணாடிப் பெட்டியில் நேர் வெயில் பத்து நிமிடம்கூடப் படக்கூடாது.

மின்விசிறி பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. பாம்புக்கு வியர்க்காது. 35 பாகைக் காற்றை அதன்மேல் அடித்தால் 35 பாகைக் காற்றுத்தான் படும். பெட்டிக்குள் தேங்கிய சூட்டை வெளியேற்றுவதற்கு மட்டும் விசிறி உதவும். நனைத்துப் பிழிந்த சாக்கை மூடியின் பாதியில் போட்டு அதன்மேல் காற்றை விட்டால் நிலைமை மாறும். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் நாட்களில் இரண்டு மூன்று பாகை இறங்கும். காற்றில் ஈரம் கூடிய நாளில் இந்த வித்தை பலிக்காது.

கரண்ட் இல்லாத மத்தியானத்துக்கு, ஒரு லீற்றர்ப் போத்தல்கள் இரண்டில் தண்ணீரை முக்கால்வாசி நிரப்பி எப்போதும் உறைய வைத்திருங்கள். துவாயில் சுற்றிக் குளிர்முனையின் வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். உள்ளே போட வேண்டாம். அதற்கும் அடங்காவிட்டால் பாம்பைத் துணிப்பையில் கட்டி வீட்டின் குளிர்ந்த சீமெந்துத் தரையில் மாலைவரை வைத்திருக்கலாம். வாய் திறந்தபடி, தளர்ந்து, மல்லாத்தினால் தானே திரும்பாமல் கிடந்தால் அது வெப்பத் தாக்கம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் கிணற்றுத் தண்ணீரில் உடம்பின் பாதி மூழ்க, தலையை வெளியே பிடித்து வைத்துக்கொண்டு மிருக வைத்தியரை அழையுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது.

மாரியில பெட்டிக்குள்ள வேர்த்து ஊத்துது. மணமும் வருது.

ஈரப்பதன் 40 முதல் 60 வீதம் போதும். நம்மூர் மாரியில் அறையிலேயே அது 80ஐத் தாண்டும். இந்தக் காலத்தில் பெட்டிக்குள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். தும்பை எடுத்துவிட்டுக் காகிதத்துக்கு மாறுங்கள், தண்ணீர்ச் சட்டியைச் சூட்டு முனையிலிருந்து குளிர்முனைக்கு மாற்றுங்கள், எதிரெதிர்ப் பக்கங்களில் ஓட்டைகளைக் கூட்டுங்கள். ஹீற் மற்றைப் போட்டால் தரை காய்ந்தே இருக்கும். மாரியில் அதன் பாதிப் பயன் அதுதான்.

வயிற்றுச் செதிலில் மண்ணிறப் புள்ளியோ நீர்க்கொப்புளமோ கண்டால் செதில் அழுகத் தொடங்கிவிட்டது. மூக்கில் குமிழி, மூச்சில் விசில் சத்தம், வாயைத் திறந்து தலையை உயர்த்தி இருத்தல் எல்லாம் சுவாசத் தொற்றின் அடையாளங்கள். இரண்டுக்கும் வைத்தியரிடம் போக வேண்டும், கைவைத்தியம் வேண்டாம்.

கண் ரெண்டும் வெள்ளையாப் போச்சு. குருடாகிட்டுதோ?

செட்டை கழற்றப் போகிறது. கண் பால்போல மங்கி, சில நாளில் தெளிந்து, அதன்பிறகு ஒரு கிழமைக்குள் தோல் ஒரே குழாயாகக் கழரும். அதுவரை தூக்க வேண்டாம், இரை வேண்டாம். துண்டு துண்டாகக் கழன்றால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். ஏசி அறையிலும் சோளகக் காலத்திலும் இது நடக்கும். மேலே சொன்ன ஊறிய மண்சட்டிக்குள் ஈரத் துணி ஒன்றைச் சுருட்டி வைத்தால் போதும். வால்நுனியிலும் கண்மேலும் பழைய தோல் நிற்கிறதா என்று பாருங்கள். வால்நுனியில் தங்கிய தோல் இறுகி இரத்தத்தைத் தடுத்தால் நுனி காய்ந்து விழும். கண்மேல் தங்கியதை மட்டும் நீங்கள் உரிக்க வேண்டாம்.

தின்ற எலியைக் கக்கிப்போட்டுது. சூடு காணாதோ?

மாரியில் என்றால் முதலில் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். மற்றக் காரணங்கள்: இரை பெரிது, உள்ளே குளிராக இருந்த எலி, தின்ற அன்றே தூக்கி விளையாடியது. இரை பாம்பின் உடம்பின் மிகத் தடித்த இடத்தின் அளவு, மிஞ்சினால் ஒன்றரை மடங்கு. குஞ்சுக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை, வளர்ந்ததற்கு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை. கொடுத்தபின் 48 மணி நேரம் கை வைக்க வேண்டாம். கக்கியிருந்தால் 10 நாளாவது வயிற்றைக் காயப்போட்டு, பிறகு வழமையில் பாதி அளவு இரை கொடுங்கள். இரண்டாம் முறையும் கக்கினால் வைத்தியர்.

பொறியில் விழுந்த வீட்டெலியைக் கொடுக்காதீர்கள். அது பக்கத்து வீட்டு எலி மருந்தைத் தின்றிருக்கலாம். வளர்த்த வெள்ளெலியை உறையவைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுக்கக் கரைத்து, கொடுக்குமுன் பைக்குள் போட்டு வெந்நீரில் சூடாக்குங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி சமைக்கும் வீட்டில் எலி உறைய எந்தப் பெட்டியில் இடம் கிடைக்கும் என்பது பாம்பு வாங்குமுன் தீர்க்க வேண்டிய வழக்கு.

எறும்பு ஏறுது. சோக் கீறலாமோ?

எறும்புச் சோக், ஸ்பிறே, நுளம்புத்திரி எதுவும் அந்த அறையில் வேண்டாம். பூச்சியைக் கொல்லும் மருந்து பாம்பின் நரம்பையும் தாக்கும். மேசையின் நான்கு கால்களையும் சவர்க்காரத் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்துங்கள். ஹீற்றர் வயர் சுவரைத் தொடாமல் வரட்டும், எறும்பு அதில்தான் பாலம் போடும். தின்னாத எலியை இரவு முழுக்க உள்ளே விடாதீர்கள்.

தண்ணிச் சட்டிக்குள்ளயே நாள் முழுக்கக் கிடக்குது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்று. கண் மங்கியிருந்தால் செட்டை. சூட்டு முனையும் குளிர்முனையும் 31ஐத் தாண்டியிருந்தால் வெக்கை. இரண்டும் இல்லாவிட்டால் தண்ணீரின் அடியைப் பாருங்கள்: மிளகுத்தூள் விழுந்தமாதிரிக் கறுப்புப் புள்ளிகள் கிடந்தால் பாம்புப் பேன். விரிப்பையெல்லாம் எரித்து, பெட்டியைக் கொதிநீரால் கழுவி, காகிதத்துக்கு மாறி, மருந்துக்கு வைத்தியரைக் கேளுங்கள்.

பாம்பைக் காணேல்லை!

கதவிடுக்குகளைத் துணியால் அடைத்து, பெட்டி இருந்த அறையிலிருந்தே தேடத் தொடங்குங்கள்: குளிர்சாதனப் பெட்டியின் மோட்டர்ப் பக்கம், அரிசிச் சாக்கின் பின்புறம், கதிரையின் மெத்தைக்கடி. கிடைக்காவிட்டால் இரவில் சுவரோரமாக மாவைத் தூவினால் காலையில் போன வழி தெரியும். அயல்வீட்டாருக்கு உடனே சொல்லுங்கள், படத்தையும் காட்டுங்கள். முதுகில் செம்மண்ணிறத் திட்டோடு ஒரு பாம்பைக் கண்டால் புடையன் என்று நினைத்து எவரும் பொல்லைத்தான் எடுப்பார்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். இருட்டில் ஒரு பாம்பைக் கண்டதும் "நம்மட பாம்புதான்" என்று கை நீட்டாதீர்கள். மாரியில் எண்ணெய் விரியனும் வீட்டுக்குள் வரும். லைற்றைப் போட்டு, நிறத்தையும் திட்டுகளையும் தூர நின்று பார்த்து உறுதிசெய்த பிறகே தொடுங்கள். எது கடித்தது என்று தெரியாவிட்டால் கட்டுப் போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தை வீணாக்காமல் நேரே யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

தேர்மோஸ்ரற் 30 காட்டுது, தேர்மோமீற்றர் 34 காட்டுது. எதை நம்புறது?

முதலில் இரண்டு உணரியும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மற்றின் மேலும் மற்றது காற்றிலும் இருந்தால் இரண்டுமே சரியாகச் சொல்லியிருக்கலாம். ஒரே இடத்தில் வைத்தும் வித்தியாசம் வந்தால், ஒரு கோப்பையில் உடைத்த ஐஸை நிரப்பி, இடைவெளி நிரம்பத் தண்ணீர் விட்டு, ஐந்து நிமிடம் கலக்கி, இரண்டு உணரிகளையும் நடுவில் பிடியுங்கள். 0 காட்ட வேண்டும். 2 காட்டினால் அந்தக் கருவி அங்கே 2 பாகை கூட்டிச் சொல்கிறது. இங்கே பரவலாகக் கிடைக்கும் எஸ்ரிசி-1000 என்ற தேர்மோஸ்ரற்றில் எஃப்4 என்ற அமைப்பில் இந்தப் பிழையைக் கழிக்கலாம்; எஃப்1 வேண்டிய பாகை, எஃப்2 எத்தனை பாகை விலகினால் திரும்ப இயங்க வேண்டும் என்பது. எஃப்2ஐ 1 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம். அதை வாங்கும்போது 230 வோல்ற்றுக்கான வகையா என்று பாருங்கள். திறந்த திருகு முனைகளை மின்வினைஞரைக் கொண்டு மூடிய பெட்டிக்குள் இணைப்பியுங்கள்.

கருவி சரியாக இருந்தும் மற் அணையாமல் ஓடினால் உணரி இடம் நழுவியிருக்கும், அல்லது தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து அதை நனைத்திருக்கும். நனைந்த உணரி குளிரென்று சொல்லும், தேர்மோஸ்ரற் அதை நம்பி மற்றை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் உணரியைப் பெட்டிக்கு வெளியே அடியில் வைக்கச் சொன்னோம். மாரி தொடங்கி மற்றைத் திரும்பப் போடும் அன்று, பாம்பை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு ஒரு நாள் முழுவதும் வெறும் பெட்டியை ஓடவிட்டு அளந்து பாருங்கள்.